மூன்று தட்டு ஒரு பவுண்டு: எங்கள் தெருமுனை சேரிட்டி கடையின் டிவிடி அலமாரி

லண்டனில் ஹாரோ பக்கம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, முடிதிருத்தும் கடைக்கும் எப்போதோ மூடிப்போன வங்கிக் கிளைக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை. தர்மத்துக்கு நடக்கிற கடை, நானோ இரண்டு மூன்று குறையும் சொல்லப்போகிறேன். பாவம், எதற்கு? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குச் சேரிட்டி கடை என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: வீட்டில் இடத்தை அடைக்கும் சாமானை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்கள் அதைப் பிரித்து, விலைச்சீட்டு ஒட்டி விற்று, வருகிற பணத்தை ஓர் அறக்கட்டளைக்கு அனுப்புவார்கள். முன்பக்கம் துணிமணி. நடுவில் பீங்கான் கோப்பைகள், கட்டாயம் ஒரு துண்டாவது குறைகிற ஜிக்ஸா பெட்டிகள். பின்சுவர் முழுக்க டிவிடி.

இந்த விமர்சனம் அந்தப் பின்சுவருக்கு.

விலை, ஒன்று 50 பென்ஸ். மூன்று எடுத்தால் 1 பவுண்டு. இந்தக் காலத்தில் டிவிடி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கும் வேண்டாம்தான். போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ்ஸைத் தவறவிட்டு நானும் மகளும் உள்ளே ஒதுங்கினோம். அவளுக்கு 13 வயது. அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தவள் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, இது ஹாரி பாட்டர்தானே? ஏன் இப்படிப் பிணம் மாதிரி இருக்கான்?”

“பிணமாத்தான் நடிச்சிருக்கார்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீ முந்தாநாள் டிவியில முதல் படம் ஓடுறப்போ ‘அவன்’னு சொன்னே. இப்போ ‘அவர்’ங்கிறே?”

அங்கேதான் ஆரம்பித்தது. இங்கே பிறந்து வளர்ந்த பெண். அவள் பள்ளியில் எல்லாருக்கும் ஒரே சொல்தான், ஐந்து வயதுக்கும் அதுதான், ஐம்பது வயதுக்கும் அதுதான். தமிழில் நாம் ஓர் ஆளைப் பார்த்து எந்த நிமிஷத்தில் ‘அவன்’ஐ விட்டு ‘அவர்’க்குப் போகிறோம்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, டேனியல் ராட்கிளிஃப் என்கிற ஒரே ஆளின் மொத்தப் படங்களையும் இந்த ஒரு சுவரிலிருந்தே எவ்வளவு தூரம் சேர்க்க முடியும் என்று பார்ப்போம், எந்தத் தட்டில் என் வாய் மாறுகிறது என்று நீ கவனி என்றேன். எட்டு மாதம் ஆனது. 18 தட்டு, 6 பவுண்டு. இப்போதைய லேப்டாப்பில் தட்டு போட இடமே இல்லை என்பதால் வெளியே செருகுகிற டிரைவ் ஒன்று வாங்கியது தனிக்கணக்கு. அதன் விலை தட்டுகள் மொத்தத்தையும்போல மூன்று மடங்கு.

அலமாரியில் எது எவ்வளவு கிடக்கிறது என்பதே ஒரு கதை. ஹாரி பாட்டர் எட்டும் முதல் மாதத்திலேயே கிடைத்துவிட்டன, ஒரே ஒரு தடங்கலோடு. அதைப் பிறகு சொல்கிறேன். 2001 முதல் 2011 வரை இந்த நாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் இவை இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து வீட்டை விட்டுப் போயிருப்பார்கள், அம்மாக்கள் அறையைக் காலி பண்ணுகிறார்கள். ஆறாம் படம் மட்டும் ஐந்து பிரதி இருந்தது. 2011-க்குப் பிறகு அலமாரி சட்டென்று மெலிகிறது. ‘டிசம்பர் பாய்ஸ்’ வருவதற்கு நான்கு மாதம் காத்திருந்தோம், வந்தபின் ஏன் காத்திருந்தோம் என்று ஆகிவிட்டது.

இந்த ஊர் டிவிடிகளில் ஒரு வசதி உண்டு. நம்மூரில் யு, யு/ஏ, ஏ என்று படம் தொடங்கும்போது ஒரு சான்றிதழ் வந்து போகும். இங்கே அது பெட்டியிலேயே வண்ணத்தில் இருக்கும். யு என்றால் பச்சை முக்கோணம், பிஜி என்றால் மஞ்சள் முக்கோணம். 12-லிருந்து வட்டம். 12 ஆரஞ்சு, 15 இளஞ்சிவப்பு, 18 சிவப்பு. எட்டுப் பெட்டிகளையும் தரையில் வரிசையாக வைத்தால், முதல் மூன்றும் மஞ்சள் முக்கோணம், நான்காவதிலிருந்து ஆரஞ்சு வட்டம். முக்கோணம் வட்டமான அந்த நான்காம் படம் 2005 நவம்பரில் வந்தபோது பையனுக்கு 16 வயது.

ஆனால் வயதுக்கணக்கு அவ்வளவு ஒழுங்காகப் போகவில்லை என்பது ஐந்தாம் வாரம் கிடைத்த ‘டெய்லர் ஆஃப் பனாமா’வில் தெரிந்தது. 2001-இல் வந்த உளவுப்படம். ஜெஃப்ரி ரஷ், ஜேமி லீ கர்ட்டிஸ் தம்பதியின் மகனாகக் கொஞ்ச நேரம் வந்து போகிறான். அதுதான் திரையரங்குக்கு வந்த அவனுடைய முதல் படம், அதற்குச் சான்றிதழ் 15. படம் வெளியானபோது அவனுக்கு 11. தான் நடித்த படத்துக்குத் தனக்கே டிக்கெட் கிடையாது! ‘பில்லி எலியட்’ ஜேமி பெல்லுக்கும் இதே கூத்துதான். படத்துக்கு 15 சான்றிதழ், அதற்காகச் சிறந்த நடிகருக்கான பாஃப்டா விருது வாங்கியபோது பையனுக்கு 14 வயது.

இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னேனே தவிர, அடுத்த வாரமே எங்களுக்கும் நடந்தது. மகள் தன் கைக்காசில் ‘வாட் இஃப்’ என்ற காதல் படத்தை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கல்லாவில் எப்போதும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருப்பார், எழுபத்தைந்தாவது இருக்கும், கண்ணாடிக்குச் சங்கிலி போட்டிருப்பார். பெட்டியைத் தூக்கிப் பிடித்து இளஞ்சிவப்பு வட்டத்தைத் தட்டிக் காட்டினார். வயது கேட்டார். இவள் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். “அப்படின்னா நான் உனக்கு இதை விற்கக் கூடாதும்மா, சட்டம்” என்றார் இங்கிலீஷில், அதே கனிவோடு. அது நிஜந்தான், வயதுக்கு மீறின தட்டை விற்றால் விற்றவர்மேல்தான் குற்றம். ஐம்பது பென்ஸ் தட்டுக்குக்கூடச் சட்டம் பார்க்கிற கடை. சேவைக்கு முழு மதிப்பெண். நான் காசு கொடுத்து வாங்கினேன், வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேல்தட்டில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இளஞ்சிவப்பு வட்டங்கள் எல்லாம் இப்போது அங்கேதான்.

இனி படங்கள். எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல முடியாது, சிலதுக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை.

வரிசையில் முதலாவது 1999 கிறிஸ்துமஸுக்கு பிபிசி போட்ட ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’. பத்து வயதுப் பையன். பெட்சி பாட்டியாக மேகி ஸ்மித். இரண்டு வருஷம் கழித்து இதே அம்மா அவனுக்கு மேஜிக் பள்ளியில் வாத்தியாராக வருவார் என்று தெரிந்து பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம். நடிப்பு என்று பார்த்தால் பெரிதாக இல்லை. ஆனால் கண். யாராவது பேசும்போது அந்தப் பையன் நிஜமாகவே கேட்கிறான். பிள்ளை நட்சத்திரங்களில் பாதிப் பேர் அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பார்கள், இவன் கேட்டான். முதல் ஹாரி பாட்டர் படத்தின் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் இதைப் பார்த்துத்தான் இந்தப் பையன் வேண்டும் என்று நினைத்தாராம். இன்னொரு பக்கம் தயாரிப்பாளர் டேவிட் ஹேமன் ஒரு நாடகத்துக்குப் போன இடத்தில், அப்பாவோடு வந்திருந்த இவனைப் பார்த்தார். அப்பா இலக்கிய முகவர், அம்மா நடிகர் தேர்வு செய்பவர். தொழில் தெரிந்த வீடு. தெரிந்ததால்தானோ என்னவோ முதலில் மறுத்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ், வரிசையாகப் பல படத்துக்கு ஒப்பந்தம் என்றபோது மறுத்தவர்கள், இங்கிலாந்திலேயே எடுப்போம், முதலில் இரண்டு படம்தான் என்றானபின் சம்மதித்ததாக ராட்கிளிஃபே பின்னால் சொல்லியிருக்கிறார். இங்கே இன்னொன்றும் உண்டு: பள்ளி வயதுப் பிள்ளை நடிக்கக் கவுன்சிலின் உரிமம் வேண்டும், படப்பிடிப்பு நாளிலும் மூன்று மணி நேரமாவது பாடம், எந்நேரமும் கூட ஒரு பொறுப்பாளர். லீவ்ஸ்டனில், அந்தப் பழைய விமான எஞ்சின் தொழிற்சாலையில்தான், பத்து வருஷம் அவன் நடிப்பும் பாடமும் நடந்தன. எங்கள் வீட்டிலிருந்து பக்கம். வாட்ஃபோர்டு வரை ரயில், அப்புறம் ஒரு பஸ்.

முதல் இரண்டு படங்களை டிவிடியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த ஊர் டிவிடி நொடிக்கு 25 பிரேம் ஓடும், சினிமா 24. ஆகவே 152 நிமிஷப் படம் 146 நிமிஷத்தில் முடிந்துவிடும், குரலும் ஓர் இம்மி ஏறும். முதல் படத்தில் அவன் குரல் கிளிக்குஞ்சு போலக் கேட்டது அதனாலும்தானோ என்னவோ. இரண்டாம் படத்தில் அந்த ஏற்றத்தையும் மீறிக் குரல் உடையத் தொடங்கியிருப்பது காதில் விழுகிறது. ஒரு காட்சியில் பழைய குரல், அடுத்த காட்சியில் தொண்டையில் மணல். மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் வகுப்புப் பையன்கள் எல்லாரும் இப்போது அந்த மணலில்தான் இருக்கிறார்களாம்.

மூன்றாம் படம்தான் அந்தத் தடங்கல். பெட்டியில் ஹாரி பாட்டர், உள்ளே உடற்பயிற்சித் தட்டு. லைக்ரா போட்ட ஓர் அம்மா இடுப்பை எப்படிக் குறைப்பது என்று சொல்லித் தருகிறார். இது கடையின் தவறுதான். வாங்கும் முன் திறந்து பார்க்காதது என் தவறு. காசு திரும்பத் தர மாட்டார்கள், மாற்றிக்கொள்ளலாம். பாட்டி வருத்தப்பட்டுக் கூடுதலாக ஒரு தட்டு எடுத்துக்கச் சொன்னார், வேண்டாம் என்றேன், ஜிக்ஸாவைக் காட்டினார், அதுவும் வேண்டாம் என்றேன். மூன்று வாரம் கழித்துச் சரியான தட்டு வந்தது.

அந்தப் படத்தின் இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் மூன்று பிள்ளைகளையும் அவரவர் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாராம். எம்மா வாட்சன் 16 பக்கம், இவன் ஒரு பக்கம், ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்லை. பாத்திரங்கள் என்ன செய்திருக்குமோ அதையே. இந்தப் படத்தில் பனியில் பாறைமேல் உட்கார்ந்து அவன் அழுகிற காட்சி வரும். அப்பா அம்மாவை அவர்கள் நண்பனே காட்டிக்கொடுத்தான் என்று தெரிந்த கோபமும் அழுகையும். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. முகத்தில் எல்லாத் தசையும் வேலை செய்கிறது, அழுகையைக் காணோம். ஆனால் அதே பையன் எட்டாம் படத்தில் சாவதற்காகக் காட்டுக்குள் நடந்து போகும்போது, இறந்துபோன அப்பா அம்மா முன்னால் வந்து நிற்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கேட்கிறான், அவ்வளவுதான். பத்து வயதில் இருந்தது எங்கோ தொலைந்து, திரும்பக் கிடைத்திருக்கிறது.

எங்கே தொலைந்தது? ஆறாம் படம் தனக்கே பார்க்கப் பிடிக்காது, அலட்சியமாகிவிட்டேன் என்று அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் கடைசி வருஷங்களில் அளவுக்கு மீறிக் குடித்ததையும், 2010-இல் நிறுத்தியதையும் மறைக்காமல் பேசியிருக்கிறார். அது தெரிந்தபின் ஆறாம் படத்தைத் துப்பறிகிற மாதிரி பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். கண்ணில் ஒரு மந்தம் இருக்கத்தான் செய்கிறது, அல்லது தெரிந்ததால் இருக்கிறது.

அதே அலமாரியில் இரண்டு வரிசை கீழே ‘ஆலிவர்!’ கிடந்தது, 1968. பிக்பாக்கெட் பையனாக ஜாக் வைல்ட். அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரையானபோது வயது 16. என்ன துறுதுறுப்பு! அப்புறம் குடி. 2006-இல் 53 வயதில் போய்விட்டார். ஆலிவராக நடித்த மார்க் லெஸ்டர் நடிப்பை விட்டு எலும்பு வைத்தியத்துக்குப் போனார். அந்தத் தட்டை வாங்கவில்லை, கணக்கில் சேராது என்பதால். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இந்தச் சுவரில் கிடைக்காத ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியமானது. 2007 பிப்ரவரி, லண்டன் கீல்குட் தியேட்டர். ‘ஈக்குவஸ்’ நாடகம். ஆறு குதிரைகளின் கண்ணைக் குத்திய பையனாக மேடையேறினான், வயது 17. ஒரு காட்சியில் உடம்பில் துணி கிடையாது. பத்திரிகைகள் அதை மட்டும் பேசின. எதிரே மனநல மருத்துவராக நின்றவர் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ். ஹாரி பாட்டரில் அவனை மாடிப்படிக்குக் கீழே அடைத்துவைத்த பெரியப்பா! ஐந்தாம் படம் அந்த ஜூலையில்தான் வந்தது. ஒரு பக்கம் ஆரஞ்சு வட்டம், இன்னொரு பக்கம் சான்றிதழே இல்லாத மேடை. அதைத் தட்டில் வாங்க முடியாது. 2011-இல் பிராட்வேயில் ஆடிப் பாடியதும், 2024-இல் ‘மெரிலி வி ரோல் அலாங்’ இசை நாடகத்துக்கு டோனி விருது வாங்கியதும்கூட இந்த அலமாரிக்கு வராது. படங்களை மட்டும் சேர்த்தால், ஆள் திடீர் திடீரென்று தேறிவிடுவது போலத் தோன்றும். இடையில் எட்டுக் காட்சி வாரம், கைதட்டலோ இருமலோ நேரே காதில் விழுகிற இடம். அங்கே நடந்த வேலைதான் திரையில் தெரிகிறது என்பது என் முடிவு.

‘ஈக்குவஸ்’ நடந்த 2007-இன் கடைசியில் வந்த ‘மை பாய் ஜாக்’ பெட்டி உடைந்திருந்தது, தட்டு நன்றாக இருந்தது. நவம்பர் 11 அன்று ஐடிவி போட்டது. எழுத்தாளர் கிப்ளிங்கின் மகனாக நடிக்கிறான். சோடாபுட்டிக் கண்ணாடி, மெல்லிய மீசை. கண் பார்வை போதாது என்று படையில் எடுக்க மாட்டேன் என்றபின், அப்பா செல்வாக்கைப் பிடித்து ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்த்துவிடுகிறார். 1915 செப்டம்பர், பிரான்ஸில் லூஸ் என்ற ஊரில் போர். அங்கேயே சாகிறான், 18 முடிந்து ஆறே வாரம். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் படிக்கச் சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற வெட்கத்தைப் பாருங்கள். உலகமே கண்ணாடியோடு பார்த்துப் பழகிய முகம் அது. அதைக் கழற்றியதும் எந்த மந்திரமும் இல்லாத ஒரு பிள்ளை. நான் மகளிடம் “பாவம், அவன் என்ன பண்ணுவான்” என்றேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்: இன்னும் ‘அவன்’.

மாறியது ‘வுமன் இன் பிளாக்’கில். 2012. பேய்ப்படம். பெட்டியில் ஆரஞ்சு வட்டம்தான். ஆனால் இந்தச் சான்றிதழ் சரியில்லை, பிள்ளைகள் நடுங்கிவிட்டார்கள் என்று தணிக்கை வாரியத்துக்கு 134 புகார் போயிருக்கிறது, அந்த வருஷத்தில் அதுதான் அதிகம். அதனால் மகளோடு பட்டப்பகலில் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் பார்த்தோம். அவர் மனைவியை இழந்த வக்கீல், நாலு வயது மகனுக்கு அப்பா. படப்பிடிப்பு நடந்தபோது நிஜ வயது 21. எப்படி நம்புவது? தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சி. ஊருக்குக் கிளம்புகிற அப்பாவுக்கு மகன் தான் வரைந்த படங்களைக் காட்டுகிறான். எல்லாவற்றிலும் அப்பா முகம் சோகமாக இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்கிறார் அப்பா. உங்க முகம் அப்படித்தான் இருக்கு என்கிறது பிள்ளை. கேமரா அவர் முகத்துக்கு வருகிறது. அவர் சோகத்தை நடிக்கவில்லை. மறைக்கப் பார்க்கிறார், முடியவில்லை, அதற்காக லேசாகச் சிரிக்கிறார். அந்தப் பையன் நிஜத்தில் அவருடைய ஞானஸ்நானப் பிள்ளை, மீஷா ஹாண்ட்லி என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“அவர் ஏன் அந்த வீட்டுக்குத் தனியாப் போறார்?” என்று நான் கேட்டதும் மகள் படத்தை நிறுத்தினாள். “சொல்லிட்டே!”

அதற்கப்புறம் படம் கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல் அவரை ஒரு பாழடைந்த பங்களாவில் அலையவிடுகிறது. மெழுகுவத்தி, படிக்கட்டு, பொம்மைகள். பக்கத்தில் நண்பர்கள் இல்லை, வாத்தியார்கள் இல்லை. தனியாகவே படத்தைத் தாங்குகிறார். இன்னொரு ஒற்றுமை: இதே கதையை 1989-இல், அவர் பிறந்த வருஷத்தில், டிவிக்கு எடுத்தபோது அந்த வக்கீலாக நடித்தவர் ஏட்ரியன் ராலின்ஸ். ஹாரி பாட்டரில் அவருடைய செத்துப்போன அப்பா. காட்டில் வந்து நின்ற அதே அப்பா.

பிறகு வந்தவை எல்லாம் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருப்பதால் நான் தனியாகப் பார்த்தவை. ‘கில் யுவர் டார்லிங்ஸ்’இல் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க், மறுபடி கண்ணாடி, ஆனால் இது வேறு மூக்கு, வேறு மனுஷன். ‘ஹார்ன்ஸ்’இல் தலையில் கொம்பு முளைக்கிறது, படத்துக்கு முளைக்கவில்லை. ‘எ யங் டாக்டர்ஸ் நோட்புக்’ சின்னத் தொடர், முதல் பருவம் நாலே பகுதி. ரஷ்யக் கிராமத்தில் கற்றுக்குட்டி டாக்டராக இவர், வயதான அதே டாக்டராக ஜான் ஹாம். இரண்டு பேரும் ஒரே குளியல் தொட்டியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இவர் உயரம் 165 செ.மீ. அளவு, ஹாம் ஆறடிக்கு மேல். வளர்ந்தால் இப்படி ஆவேன் என்றால் யார் நம்புவார்கள்? அந்த நகைச்சுவையை அவரே அனுபவித்துச் செய்கிறார்.

‘ஸ்விஸ் ஆர்மி மேன்’ஐ, மழையில் ஒதுங்கின அன்று கையில் எடுத்த அதே தட்டை, கடைசியாகப் பார்த்தேன். 2016. கரை ஒதுங்கிய பிணம், அதை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிற ஒரு தனியன். பிணத்தின் வாயு பிரிகிற வேகத்தில் அதன்மேல் ஏறிக் கடலில் படகு விடுகிறான். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிலர் எழுந்து போனார்களாம். நான் எழுந்து போகவில்லை, சமையலறையில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு சிரித்தேன். ஒரு விரல், ஓர் இமை, பாதித் திறந்த உதடு, இவ்வளவை வைத்து அந்தப் பிணத்துக்கு மெல்ல மெல்ல ஒரு குழந்தைத்தனம் வருகிறது. உலகம் என்ன, அம்மா என்றால் என்ன, ஏன் அழுகிறோம் என்று கேட்கிறது. ஒரு பிணம் கேட்கிறது என்று எழுதிவிட்டுப் பார்க்கிறேன், ‘அது’ என்றுதான் வருகிறது. ‘அவன்’, ‘அவர்’ தாண்டி இப்போது ‘அது’.

இப்படிப்பட்ட வேஷங்களை எடுக்க அவருக்கு வசதி இருந்தது. 21 வயதுக்குள் ஆயுசுக்கும் போதுமான பணம். அதை வைத்துப் பெரிய ஹீரோவாக இன்னும் பத்துப் படம் பண்ணியிருக்கலாம். என் கண்ணுக்கு அவர் பிறவி நடிகர் இல்லை. உழைத்து வந்தவர், சில இடத்தில் அந்த உழைப்பு வெளியேயும் தெரியும். ஆனால் அசடாகத் தெரிவோமே என்ற பயம் துளியும் இல்லை, அதுதான் பிடித்தது. அப்புறம் ஒன்று, அது தட்டில் கிடைக்காது: முதல் படத்திலிருந்தே அவருக்குப் பதிலாகச் சண்டைக்காட்சிகளில் விழுந்த டேவிட் ஹோம்ஸ் 2009-இல் ஒத்திகையில் அடிபட்டு உடம்பு செயலிழந்தார். 2023-இல் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை ராட்கிளிஃப் முன்னின்று தயாரித்தார். அதை மகளும் நானும் சேர்ந்து பார்த்தோம். அதில் அவர் கேமராவைப் பார்க்கிற நேரம் குறைவு, நண்பனைப் பார்க்கிற நேரம் அதிகம்.

எட்டாம் படத்தின் கடைசியைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். 19 வருஷம் கழித்து, ரயில் நிலையத்தில், பிள்ளைகளை அனுப்ப வந்த அப்பா. 21 வயதுப் பையனுக்கு மேக்கப் போட்டு முப்பத்தேழு ஆக்கியிருக்கிறார்கள். முதலில் எடுத்தது சரியாக வரவில்லை என்று 2010 டிசம்பரில் திரும்ப எடுத்தார்கள். அப்படியும் கன்னத்தில் நிழல் ஒட்டினாற்போல இருக்கிறது, இடுப்பில் சின்னத் தொப்பை. மகள் போனில் அவருடைய இப்போதைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கிட்டத்தட்ட அதே வயதுக்கு வந்துவிட்டார் மனிதர். தாடி இருக்கிறது, நெற்றியில் கோடு இருக்கிறது, மேக்கப்காரர் போட்ட இடத்தில் ஒன்றுகூட இல்லை.

சரி, கடைக்குப் போகிறவர்களுக்கு. திங்கள் முதல் சனி வரை பத்திலிருந்து ஐந்து. செவ்வாய்க்கிழமை காலையில் புதுச் சரக்கு அடுக்குவார்கள், அப்போது போவது நல்லது. வாங்கும் முன் பெட்டியைத் திறந்து உள்ளே சரியான தட்டுதானா என்று பாருங்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கீறல் பரவாயில்லை, வட்டமாகச் சுற்றிப் போகிற கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைக்கும்போதும் உள்ளிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்கிற மாதிரி வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பற்பசை போட்டால் கீறல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நான் கேட்டு ‘டிசம்பர் பாய்ஸ்’இன் கடைசி இருபது நிமிஷத்தை இழந்தேன். பெரிய இழப்பில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த லைக்ரா அம்மாவுக்காக. ஆறாம் படம் ஐந்து பிரதியில் ஒன்று நான் எடுத்தேன், நேற்றுப் போய்ப் பார்த்தேன், இப்போது ஆறு இருக்கிறது.